தலைக்கு நூற்றைம்பது

அன்றைக்குத் தரைக்கடித் தண்ணித் தொட்டி, அதுதான் சம்ப், பக்கத்தில் இருந்தவர்கள்: ஓனரம்மா. கீழ் போர்ஷன் பேங்க் சார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ரூமில் இருந்த டூவீலர் மெக்கானிக் மணி. மணியின் நாய் பாஸ். மீன் கழுவத் தண்ணி கேட்டு வந்த மீன்காரக்கா. நான், என் வீட்டுக்காரர் பாபு, என் இடுப்பில் எங்கள் ஒன்றரை வயசுப் பெண். பேங்க் சாரின் அப்பாவும் இருந்தார் என்றுதான் சொல்லணும். ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, ரொம்ப நாளாகக் கண்ணே திறக்காமல். அப்புறம் என் வயிற்றில் ஒன்று.

மொத்தம் எத்தனை பேர்? இதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு சண்டை. நான் எட்டாவதோடு நின்றவள், கணக்கு எனக்கு எப்பவும் தகராறுதான். ஆனால் இது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற கூட்டல் இல்லை. இன்னும் எனக்கு விடை வரவில்லை.

ஓனரம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பின்னாடி பேசும்போது ஓனரம்மா, நேரில் அக்கா. பீர்க்கன்கரணை ஏரித் தண்ணியில் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபின் மிஞ்சின இடத்தில் போர்ஷன் போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, நைட்டியின் கழுத்தோரம் வரிசையாகத் துணி கிளிப். பெரிய போலீஸ் ஆபீசர் மெடல் குத்திக்கொண்டிருக்கிற மாதிரி. அந்த கிளிப்பெல்லாம் துணிக்கு இல்லை. தலைக்கு.

எங்கள் பக்கத்தில் வாடகை தனி, கரண்ட் தனி, தண்ணிக் காசு தனி. தண்ணிக் காசு தலைக்கு இவ்வளவு என்று. ஓனரம்மாவிடம் மாசம் நூற்றைம்பது. மோட்டார் ரூம் கிரில்லில் குறுக்காகக் கம்பி கட்டி, போர்ஷனுக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு கலர், தலைக்கு ஒரு கிளிப். பேங்க் சாருக்கு நீலம், மணிக்குச் சிவப்பு, எங்களுக்குப் பச்சை. கைக்குழந்தைக்கும் முழுக் காசு. "அது குடிக்காது, அது துணிய அலச ஒரு ஏரி வோணும்" என்பார்.

விருந்தாளி வந்து ஒரு ராத்திரி தங்கினால் காலையில் கம்பியில் ஒரு கிளிப் கூடியிருக்கும். ஏற்றுவது எந்த நாளும் நடக்கும். இறக்குவது மட்டும் ஒண்ணாந்தேதிதான். விருந்தாளி வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், வாசலில் செருப்பை எண்ணுவார். சர்க்கரையில் ஒரு கால் எடுத்த என் மாமனார் ஒருமுறை வந்திருந்தார். காலையில் கதவைத் திறந்தால் ஓனரம்மா டார்ச் அடித்து மாடிப்படிக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாக்கா தேடுறீங்க?"

"இதோட ஜோடி. நாய் கீய் இஸ்துகினு போயிட்சா பாரு."

விஷயத்தைச் சொன்னேன். டார்ச்சை அணைத்தார். பிறகு கழுத்திலிருந்து ஒரு பச்சையை எடுத்தார். "கால் போனா இன்னா. தலை கீதுல்ல."

காசுப் பேய் என்று மணி சொல்வான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய சொந்தக் கம்பியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. தனியாக இருக்கிற மனுஷிக்கு இரண்டு கறுப்பு கிளிப். இரண்டாவது அவர் புருஷனுக்கு. அந்த மனுஷன் பல வருஷமாக ஊரப்பாக்கத்தில் வேறொரு பொம்பளையோடு குடித்தனம் நடத்துகிறார். தீபாவளிக்குத் தீபாவளி இங்கே வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவார். அந்த ஒரு குளியலுக்காக வருஷம் பூரா அவர் தலைக்கும் காசு எடுத்து ஓனரம்மாவே மோட்டார் செலவு டப்பாவில் போடுவார்.

"அவருதான் இங்க இல்லியேக்கா?" என்று மணி கேட்பான்.

"வூட்ல இல்ல. உசுரோட கீறாரா இல்லியா?"

பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது ஓனரம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடாத குறையாக நடப்பார். ஏன் என்று கேட்டேன். "அதுங்க மூஞ்சி தெரிஞ்சா போச்சு. அப்பால எண்ண வேண்டி வந்துரும்." ஒருநாள் அங்கிருந்த ஒரு சின்னப் பெண் கேட்டில் வந்து நின்று, யாரும் கேட்காமலே தன் பேரைச் சொல்லிவிட்டது. அன்றைக்குப் பொழுதுக்கும் அந்தக் குழந்தையைத் திட்டித் தீர்த்தார். சாயங்காலம் மதில்மேல் ஒரு குடம் தண்ணி போனது. கறுப்புக் கம்பியில் மூன்றாவதாக ஒரு கிளிப்.

இப்படிப்பட்டவர் கையில்தான் நான் மாட்டினேன்.

அந்தக் கோடையில் போர் வற்றிவிட்டது. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். லாரித் தண்ணி வாங்கி சம்பில் ஊற்றி, ஓனரம்மா ஒரு சட்டம் போட்டார்: தினம் காலையில் தலைக்கு இரண்டு குடம். அவ்வளவுதான், வீடே தலைகீழாகிவிட்டது. காசு கொடுக்கும்போது தலையைக் குறைத்தவர்கள் எல்லாம் இப்போது கூட்ட ஆரம்பித்தார்கள்.

பேங்க் சார் அதற்கு முந்தின மாசம்தான் மோட்டார் ரூம் முன்னால் நின்று வாதாடியிருந்தார். "மேடம், அப்பாவுக்கு கான்ஷியஸே இல்ல. பேர் சொன்னாக்கூடத் திரும்ப மாட்டார். அவரை ஒரு ஆளாக் கணக்குல வைக்கிறது லாஜிக்கே இல்ல."

"மூச்சு வுடுறாரா?"

"விடறார்."

"அப்ப நூத்தம்பது."

அதே பேங்க் சார் முதல் ஆளாகக் குடத்தோடு வந்து நின்றார். "ரெண்டு எனக்கு, ரெண்டு மிஸஸுக்கு, ரெண்டு அப்பாவுக்கு." மணி சிரித்த சிரிப்பில் பாஸ் குரைத்தது.

நான் வரிசையில் மூன்றாவதாக நின்றேன். ஒரு வாரமாக யாருக்கும் தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள். குழாயில் தண்ணி நின்றதும் அந்த வழியும் போச்சு. மீன்காரக்கா கூடையை இறக்கியது, வாடை வந்தது, சம்ப் ஓரத்திலேயே குனிந்துவிட்டேன். நிமிர்ந்தால் ஓனரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கை மெதுவாகக் கழுத்துக்குப் போகிறது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் பாபுவும் அதற்குள் முடிவு பண்ணிவிட்டோம். முதல் பிரசவம் ஆபரேஷன். ரத்தம் நிறையப் போய், பிழைத்ததே பெரிசு என்றார்கள். கொஞ்ச வருஷத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று தாம்பரத்து லேடி டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங், நாள் பூரா நின்றபடி வேலை. பாபுவின் லோடு ஆட்டோவுக்கு டியூ ஓடுகிறது. திங்கள்கிழமை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

"எத்தினி மாசம்?" என்றார் ஓனரம்மா.

நான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மணி குதித்துவிட்டான்.

"யக்கா, அந்த கிளிப்ப எடுக்காத. பொறக்காததுக்கு ரெண்டு கொடம், எம் பாஸுக்கு ஒண்ணும் இல்லியா? இன்னா நாயம் இது? பாஸுன்னா வாலாட்டுது பாரு. உள்ள கீறதுக்குப் பேராவது கீதா?"

பாஸ் நிஜமாகவே வாலாட்டியது.

"எமோஷனலாப் பேசக்கூடாது மணி," என்றார் பேங்க் சார். "எத்தனை வாரம்னு முதல்ல தெரியணும். இப்ப வெளியே எடுத்தா தானா உசிரோட இருக்குமா? இருக்காது. அப்ப அது தனி ஆள் இல்ல. அம்மாவோட உடம்புல ஒரு பார்ட்."

"அப்ப உங்கப்பாவ அந்தக் குழாய்லர்ந்து எடுத்து வெளிய வெச்சா தானா இருப்பாரா சார்? அவருக்கு எதுக்கு ரெண்டு கொடம்?"

பேங்க் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவர் முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணின மனுஷன்டா!"

"அப்ப ஏற்கெனவே ஆளா இருந்தவங்களுக்கு மட்டும்தான் தண்ணியா? புதுசா வர்றதுங்க இன்னா பண்ணும்? அதுங்க எப்ப சர்வீஸ் போடும்?" ஒரு நிமிஷம் முன்னால் எதிர்ப்பக்கம் இருந்தவன், தெரியாமலே என் வயிற்றுப் பக்கம் வந்துவிட்டான்.

மீன்காரக்கா கோவளத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிறது. அதற்கு நேரமாகிறது என்ற கோபம். "நிறுத்துங்கப்பா உங்க பேஜார. நான் சினை மீன் விக்கிறேன். ஒரு மீனுன்னுதான் நிறுக்கிறேன். உள்ள கீற முட்டைய எண்ணிக்கினா கீறேன்?"

"சினை மீனுன்னா கிலோவுக்கு முப்பது ரூபா கூட வாங்குற இல்ல?" என்றார் ஓனரம்மா.

"அது ருசிக்கு."

"எதுக்கோ. உள்ள கீதுன்னு தெரிஞ்சுதான வாங்குற?"

மீன்காரக்கா கூடைமேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "தோ பாரு. நான் நாலு பெத்தேன். ரெண்டு கலைச்சேன். அந்த ரெண்டுக்கும் எவளும் எனக்கு ஒரு கொடம் தூக்கிக் குடுக்கல. வந்துட்டாளுங்க தலை எண்ண."

அப்போது சளக் சளக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பாஸ், பேங்க் சார் அப்பாவின் குடத்தில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. மறுபடி சண்டை.

நடுவில் நான். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. திங்கள்கிழமை இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக, இத்தனை பேர் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ‘நிறுத்துங்க, அதுக்குத் தண்ணி வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே. நான் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப்பிலிருந்து மறுபடி திரும்பி வருகிற ஜாதி. சொன்னால் ஓனரம்மா காலி பண்ணச் சொல்வாரா, அட்வான்ஸ் திரும்பக் கொடுப்பாரா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் எங்கே வீடு தேடுவது என்று என் மனசு அதற்குள் முடிச்சூர் வரைக்கும் போய்விட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

ஓனரம்மா தீர்ப்பு சொன்னார். "எனக்கு வாரமும் தெரியாது, பார்ட்டும் தெரியாது. நான் பாக்காம இருந்தா வுட்டிருப்பேன். இப்பப் பாத்துட்டேன். பாத்தத எண்ணாம எப்படித் தூங்கறது?" கழுத்தில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. ஒரு மஞ்சள் கிளிப்பை எடுத்து எங்கள் கம்பியில் மாட்டினார். "தெனம் ரெண்டு கொடம். மாசம் நூத்தம்பது. இன்னா பாபு?"

எல்லாரும் பாபுவைப் பார்த்தார்கள். "சரிக்கா, எண்ணிக்கோங்க," என்றார் அவர்.

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு அப்டிச் சொன்னீங்க?"

"வேற இன்னாடி சொல்றது? எண்ணாதீங்க, திங்கக்கிழமை வரைக்கும்தான்னு சொல்லவா?"

அந்த இரண்டு குடம் வாசலிலேயே இருந்தது. அதில் சோறு வைக்க எனக்குக் கை வரவில்லை. இன்னொருத்தர் பங்கை எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. பாபு எடுத்துக் குளித்துவிட்டார். தண்ணி தண்ணிதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் போச்சு. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பாப்பாவை யாரிடம் விடுவது? என் அம்மா செஞ்சியில். சொன்னால் ஓனரம்மாவிடம்தான் சொல்லணும். அடுப்படியில் நின்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மோட்டார் ரூமுக்குப் போனதும் மூன்றும் மறந்து நாலாவதாக ஒன்று வந்தது.

"அக்கா, அந்த மஞ்ச கிளிப்ப எடுத்துடுங்க."

"ஏன், கலைஞ்சிடுச்சா?"

"இல்லக்கா. நாளைக்கு."

அவர் கை கிளிப்புக்குப் போனது. அழுத்தினார். கிளிப் வாயைத் திறந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு மறுபடி கம்பியைக் கடிக்க விட்டுவிட்டார்.

"பாபு சொல்றானா?"

"நான்தான்க்கா முதல்ல சொன்னேன்."

"டாக்டர்கிட்டதான போற? மருந்துக் கடைல எதுனா வாங்கித் துன்னுட்டு வுயுந்து கெடக்காத."

"டாக்டர்கிட்டதான்க்கா."

காலி பண்ணு என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் முகத்தில் கோபமா வருத்தமா என்று ஒன்றும் தெரியவில்லை. லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு வராதபோது இருக்குமே, அந்த முகம்.

"பாப்பாவ எங்க வுடப் போற?"

"அதுக்குத்தான்க்கா வந்தேன்."

"வுட்டுட்டுப் போ. ரசம் சோறு துன்னுமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வெளியே வருவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா கிளிப்பு ஒண்ணாந்தேதிதான் எறங்கும்."

"அக்கா, ஆளே இருக்காதேக்கா."

"உங்க மாமனாரு ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாரு. மாசக் கடைசி வரைக்கும் கிளிப்பு இருந்துச்சா இல்லியா? அவருக்கு ஒரு ரூல்ஸு, இதுக்கு ஒரு ரூல்ஸா?"

பாப்பாவைக் காலையில் எத்தனை மணிக்கு விடுவது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கள்கிழமை முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டாக்டர் நல்ல மாதிரி, பேசிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் பாபு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பாப்பா ஓனரம்மா மடியில் வாயெல்லாம் ரசத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கறுப்பு கிளிப்.

மறுநாள் காலை சம்பிலிருந்து சத்தம்: "பச்ச மூணு! மஞ்ச ஒண்ணு! எட்டு கொடம்!" எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். பேங்க் சாருக்கு எப்படியோ சந்தேகம் வந்து, "மேடம், அந்த மஞ்சள் கிளிப் இன்னும்..." என்று ஆரம்பித்தாராம். "உங்கப்பாவ நான் எடுத்தேனா?" என்றாராம் ஓனரம்மா. அத்தோடு சரி. வேறு யாருக்கும் அவர் வாயால் எதுவும் போகவில்லை.

அந்த நாட்களில் எனக்கு உதிரப்போக்கு இருந்தது. துணி அலச, உடம்பு கழுவ, எத்தனை தண்ணி இருந்தாலும் போதாது. அந்த இரண்டு குடம் இல்லாவிட்டால் நாறிப்போயிருப்பேன். யார் பேரில் வந்த தண்ணியோ, அதில்தான் நான் கழுவிக்கொண்டேன். இதை நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன். பாத்திரம் தேய்க்கும்போது வந்துவிடும்.

ஒண்ணாந்தேதி கிளிப் இறங்கியது. பாபு நாலு தலைக்குக் காசு நீட்டினார். ஓனரம்மா எண்ணி, நூற்றைம்பதைத் திருப்பி அவர் சட்டைப் பையிலேயே சொருகினார்.

"எடுத்துக்கோங்கக்கா, தண்ணி வாங்கினோமே."

"இது நீ குடுக்கற காசு இல்ல. அன்னிக்கு நீதான் எண்ணிக்கோன்ன. இவ ஒண்ணும் சொல்லல." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ஒரு ஆள் இருந்துச்சா? இருந்துச்சுன்னா குடு, வாங்கிக்கறேன். இல்லன்னா வோணாம், நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு வுட்டுடறேன்."

பாபு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓனரம்மா மிரட்டவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்துச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். தலை எண்ணுவதில் அவர் இன்னொருத்தரிடம் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எனக்குத் தெரியலையேக்கா."

"தெர்லன்னா பாக்கி," என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமைப் பூட்டினார்.

அதற்கப்புறம் அந்தக் காசை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாங்கள் முடிச்சூருக்கு வீடு மாற்றியபோது அட்வான்ஸில் சுண்ணாம்பு அடிக்க, ஓட்டை பக்கெட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். இதைப் பிடிக்கவில்லை. இப்போது இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டு நாவலூரில், கட்டிக்கொடுத்த மகளின் ஃப்ளாட்டில் இருக்கிறாராம். அங்கே மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஓனரம்மா மீட்டிங்கில் எழுந்து, "பூட்டின வூட்டுக்கும் அதே காசு, ஏழு பேர் கீற வூட்டுக்கும் அதே காசு. செவுத்துக்கா தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டுப் பெரிய ரகளையாம். லிஃப்ட் வாசலில் நின்று செருப்பு எண்ணுவதை நிறுத்தச் சொல்லி மகளுக்கு மெசேஜ் வந்ததாம். மீன்காரக்கா சொன்னது.

எனக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்தான். உடம்பு தேறி, யோசித்து, வேண்டும் என்று பெற்றது. அன்றைக்குச் செய்ததில் எனக்குக் குழப்பம் இல்லை. அதே நிலைமை மறுபடி வந்தாலும் அதே டாக்டரிடம் அதே ஆட்டோவில்தான் போவேன். குழப்பமெல்லாம் இந்த நூற்றைம்பதில்தான்.

ஓனரம்மா நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு அழுத்து அழுத்தினால் காசு போய்விடும். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின், கேஸை மூடினேனா என்று இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, சில நாள் போனை எடுப்பேன். ஒன்று, ஐந்து, சைபர் என்று போடுவேன். எதற்காக என்று எழுத அதில் ஒரு சின்னக் கட்டம் வரும். தண்ணிக் காசு என்று எழுதுவேன். அழிப்பேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கேஸைப் பார்க்கப் போவேன்.

பாக்கி, நூற்றைம்பது ரூபாய்.